தங்கை வீட்டு மாத்திரை டப்பா

என் தங்கை வீட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல் ஒரு தகர டப்பா உட்கார்ந்திருக்கும். வட்டம், நீல நிறம், மூடியில் பனி பெய்யும் ஏதோ ஓர் ஊர். கப்பல் வேலைக்குப் போய்வந்த யாரோ எதிர்வீட்டுக்குக் கொடுத்த பிஸ்கட் டப்பா அது. பிஸ்கட் தீர்ந்தபின் கொஞ்ச காலம் ஊசியும் நூலும் அதில் குடியிருந்தன. பிறகு கைமாறித் தங்கையிடம் வந்து, தெருவுக்கே மாத்திரை டப்பாவாகிவிட்டது. விம்கோ நகரைத் தாண்டி, இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம் என்கிற மாதிரி ஒரு சந்து. அங்கிருந்து கடல் தெரியாது. கடலின் உப்பு ஜன்னல் கம்பியைத் தின்றுகொண்டிருப்பது மட்டும் தெரியும். அந்தச் சந்தில் யார் உடம்பு சுட்டாலும் முதலில் திறப்பது அந்த மூடிதான்.

டப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. டாக்டர் ஒரு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ எழுதித் தருவார். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். விட்டதும் நிறுத்திவிட வேண்டும். மீதி அட்டை டப்பாவுக்கு. சோம்பலும் இல்லை, மறதியும் இல்லை. நமக்குத்தான் சரியாகிவிட்டதே, இனி அடுத்த வீட்டுக்கு ஆகட்டும் என்ற நினைப்பு. கறிக்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல, நல்ல வஞ்சிரம் கிடைத்தால் இரண்டு துண்டு எதிர்வீட்டுக்குப் போவதுபோல, மாத்திரையும் போனது. பாதி அட்டை என்பது அங்கே மீதி இல்லை, பங்கு.

ஒருமுறை தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா டாக்டர் சொன்னபடி கடைசி மாத்திரை வரைக்கும் சாப்பிட்டுவிட்டார். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் விடவில்லை.

"அல்லாத்தையும் ஒரே ஆளா துன்னு தீத்துட்டியா? நாங்கல்லாம் மன்சங்க இல்லியா?"

"டாக்டரு முயுசா சாப்புடச் சொன்னாரும்மே."

"டாக்டரு ஆயிரம் சொல்வாரு. அவரு இன்னா, பக்கத்து வூடா?"

பெரியம்மா நிஜமாகவே வெட்கப்பட்டுச் சிரித்தார். அன்று நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகான தெரு என்று நினைத்துக்கொண்டே ராயபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தேன். எனக்கு பஸ் பிடிக்க வராது. யோசனை வந்தால் கால் தானாகக் கிளம்பிவிடும். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் ஒரு டிரைவர் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி அடுப்பிலிருந்து அடுத்த லாரி அடுப்புக்கு நெருப்பு போய்க்கொண்டிருந்தது.

நெருப்பு போகிற வழியில்தான் மற்றதும் போகும் என்று அப்போது தோன்றவில்லை.

அந்த வருஷ மழையில் சந்துக்குள் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு குழாயில் வந்த தண்ணீருக்கு ஒரு நிறம் இருந்தது, நீர்த்த டீ மாதிரி. மண்ணுக்கு அடியில் குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பழைய தோஸ்துகள் போலத் தோளில் கைபோட்டுக்கொண்டு ஓடுகிற ஊர் இது. எந்தக் குழாய்க்கு எங்கே விரிசல் என்று யாருக்குத் தெரியும்? பெண்கள் குடத்தின் வாயில் துணி கட்டி வடிகட்டினார்கள். துணிக்குத் தெரிந்தது மணலும் தூசியும்தான்.

முதலில் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் காய்ச்சல். டப்பா திறந்து மூடியது. பிறகு தங்கையின் கணவருக்கு வந்தது.

மாப்பிள்ளை கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கிரேனின் மேலே உட்கார்ந்து கீழே நிற்பவர்களோடு கத்திப் பேசிப் பழகியதால், பக்கத்தில் இருப்பவரிடமும் நாலு மாடி உயரத்திலிருந்துதான் பேசுவார். அந்தக் குரல் இறங்கிப்போனதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

"இன்னா மாப்ள, சத்தத்தையே காணோம்?"

"உள்ள லாரி ஓடுது மச்சான். லோடு லாரி. பிரேக்கு இல்ல."

தங்கை டப்பாவிலிருந்து ஒரு பாதி அட்டையை எடுத்துக் கொடுத்திருந்தாள். எதிர்வீட்டுக்காரர் இதே மழையில், இதே காய்ச்சலுக்கு வாங்கி, சரியானதும் போட்டுவிட்டுப் போனது. கொஞ்சம் கேட்டது. மாப்பிள்ளை வேலைக்குப் போனார். கிரேன் மேலேயே நடுக்கம் வந்து, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கிவிட்டார்கள். தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி, மறுபடியும் அதே மாத்திரை. காய்ச்சல் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஒரு படி ஏறி உட்கார்ந்தது. நாக்கில் வெள்ளைப் படலம் படிந்தது. வயிறு உப்பியது. அவரால் சிரிக்க முடியாமல் போன அன்று காலை, ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வார்டு டாக்டர் இளம்பெண். தூக்கம் கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தங்கியிருந்தது. டைஃபாய்டாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்பட்டார். ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றிச் சூடாக வைத்திருப்பார்களாம். உள்ளே கிருமி இருந்தால் வளரும். வளர்ந்ததை எடுத்து எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கலாம். அதுவரைக்கும் ஒரு பலமான ஊசி மருந்து.

நாட்கள் போயின. ஊசிக்கும் காய்ச்சல் அசையவில்லை. பாட்டிலில் ஒன்றும் வளரவில்லை.

"ஒண்ணும் முளைக்கல," என்றார் டாக்டர். "டைஃபாய்டு இல்லாம வேற காய்ச்சலாக்கூட இருக்கலாம். மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல், எல்லாத்தையும் தேடிட்டிருக்கேன். வயித்தைப் பாத்தா பயமா இருக்கு. டைஃபாய்டா இருந்து குடல்ல ஓட்டை விழுந்துட்டா ஆபரேஷன் வரைக்கும் போயிடும்." பிறகு தங்கையின் பக்கம் திரும்பினார். "திரும்பவும் கேக்கறேன்மா. இங்க வர்றதுக்கு முன்னாடி வேற மாத்திரை எதாவது குடுத்தீங்களா?"

"இல்ல மேடம். பாராசிட்டமாலுதான்."

ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் தங்கை டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தாள். ஆறிப்போனதை மறுபடியும் ஆற்றினாள்.

"ண்ணா, டப்பா மேட்டர நான் சொல்லல."

"கிளினிக்ல குடுத்ததையாவது சொன்னியா?"

"அத்த சொன்னா, எத்தினி நாளா குடுத்தாங்கன்னு கேப்பாங்க. அப்பறம் அதுக்கு முந்தி இன்னா குடுத்தன்னு கேப்பாங்க. எங்கேர்ந்து வந்துச்சு, யாரு குட்த்தான்னு தோண்டுவாங்க. எதிர்வூட்டாண்ட போய் நிப்பாங்க. அது நல்லதுக்குக் குட்த்தது ண்ணா. நாளிக்கு தெருவே என்ன இன்னான்னு பேசும்? போட்டுக் குட்த்துட்டான்னு பேசாதா?"

அவள் பயந்தது டாக்டருக்கு இல்லை. ஆஸ்பத்திரி என்பது சிலநாள் இடம். தெரு என்பது ஆயுசு. கேஸ் தீர்ந்த அன்று அடுப்பைக் கொடுத்த தெரு அது. மழையில் அவள் வீட்டுக் கட்டிலைத் தூக்கி மாடியில் வைத்த தெரு. ஒரு மாத்திரைக்காக அதைக் கொண்டுபோய் வெள்ளைக்கோட்டின் முன்னால் நிறுத்த அவளுக்கு வாய் வரவில்லை. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மேலே வார்டு ஜன்னலிலிருந்து ஒரு நர்ஸ் எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தபோது மாப்பிள்ளை உளறிக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. விரல்கள் போர்வையைத் துழாவின. பிறகு கை மெதுவாக முன்னால் நகர்ந்து, இல்லாத ஒரு லீவரைப் பிடித்து இழுத்தது. "எறக்கு... மெதுவா எறக்கு... ஆளு கீறான் கீயே..." என்றார்.

தங்கை கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு பர்ஸை இடுக்கிக்கொண்டு விடுவிடுவென்று படி இறங்கிப் போனாள். 

மதியத்துக்கு மேல் திரும்பி வந்தாள். கையில் துணிக்கடைப் பை. பைக்குள் வட்டமாக ஒன்று. டாக்டர் மேஜையில் நீல டப்பாவை வைத்து மூடியைத் திறந்தாள்.

"இதான் மேடம். இதுலேர்ந்துதான் குட்த்தேன். பொய் சொல்ட்டேன். கிளினிக்லயும் ஊசியும் மாத்திரையும் குட்த்தாங்க. திட்டணும்னா என்ன மட்டும் திட்டுங்க. தெருவுல யார் மேலயும் தப்பு இல்ல."

திட்டு வரும் என்று இருவரும் காத்திருந்தோம். டாக்டர் திட்டவில்லை. டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்தரியால் வெட்டிய அட்டைகள், பல்லால் கடித்துப் பிரித்த அட்டைகள், பேர் அழிந்த அட்டைகள், ரப்பர் போட்டுக் கட்டியவை, ஒற்றை மாத்திரைகள். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காலி, கொஞ்சம் நிறைவு. ஒரு தெரு முழுக்கக் காய்ச்சலில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிட்ட மாதிரி.

"எதைக் குடுத்தீங்க?"

தங்கை எடுத்துக் காட்டினாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

"அதான் பாட்டில்ல முளைக்கல. இந்த மருந்து ரத்தத்துல இருந்தா அங்க இருக்கற கிருமி வளராது. அதுக்காக உடம்புல இல்லன்னு அர்த்தம் இல்ல. மருந்து சரியா எட்டாத இடத்துல உக்காந்திருக்கும். எலும்புக்குள்ள மஜ்ஜை இருக்குல்ல, அங்க தேடினா இன்னும் கிடைக்கலாம்."

"எலும்புலயா? அங்க எப்புடி மேடம் போச்சு? அவ்ளோ வெவரமாவா கீது அது?"

"விவரமெல்லாம் அதுக்கு இல்லம்மா. நாம விட்டுவெச்சது."

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். மாப்பிள்ளை கத்தினார். இத்தனை நாளில் முதல்முறையாக அந்தப் பழைய, நாலு மாடிக் குரல். தங்கை வராந்தாவில் நின்று அதைக் கேட்டு அழுதாள். அழுதுகொண்டே, "கத்தறாரு ண்ணா, நல்லா கத்தறாரு," என்றாள்.

காத்திருந்த நாட்களில் அந்த டாக்டர் வராந்தாவில் நின்றபடி எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னவற்றை, காசிமேட்டுப் பக்கம் நடக்கும்போது எனக்குத் தெரிந்த பாஷையில் மாற்றிக்கொண்டேன். கடலில் ஒரே அளவுக் கண்ணி வைத்த வலையையே வருஷக்கணக்காகப் போட்டால், அதில் சிக்குகிற மீன்களெல்லாம் போய்விடும். வலையைத் தாண்டத் தெரிந்தவை மட்டும் மிஞ்சி முட்டையிடும். கொஞ்ச காலத்தில் கடல் முழுக்க அந்த வலைக்குச் சிக்காத மீன்தான். பாதி மாத்திரை பாதி வலை. எளிதில் சாகிறவை செத்துப்போகின்றன, காய்ச்சல் விடுகிறது, நாம் நன்றாகிவிட்டோம் என்று எழுந்து உட்காருகிறோம். எளிதில் சாகாதவை உள்ளே தலைதூக்குகின்றன. மழை வருகிறது, குழாய் கலங்குகிறது, அவை அடுத்த வீட்டுக்குப் போகின்றன. பின்னாலேயே அந்தப் பாதி அட்டையும் போகிறது. நோயும் மருந்தும் ஒரே சந்தில், ஒரே வாசல் வழியாக, ஒரே அன்போடு.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை நடையை நிறுத்தி நிற்க வைத்தது. மருந்தைத் தாங்கும் சக்தியைக் கிருமிகள் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுப்போவதில்லையாம். பக்கத்தில் இருக்கும் வேறொரு கிருமிக்கும் அப்படியே கொடுக்குமாம், வேறு சாதிக் கிருமியாக இருந்தாலும். தனக்கு ஆனது மற்றதுக்கும் ஆகட்டும் என்பது போல.

அவற்றுக்கும் ஒரு டப்பா இருக்கிறது.

படகுத் துறையில் நின்றேன். எஞ்சினிலிருந்து சொட்டிய டீசல் தண்ணீரில் விழுந்து, சுற்றியிருந்த குப்பையையும் செதிலையும் தள்ளிக்கொண்டு வட்டமாக விரிந்தது. ஏன் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரியவில்லை. மறுநாள் டாக்டர் தன் போனில் ஒரு படம் காட்டியபோது தெரிந்தது.

மஜ்ஜையில் கிருமி முளைத்துவிட்டது. டைஃபாய்டுதான். ஆய்வகத்தில் ஒரு வட்டத் தட்டு முழுக்க அதைப் பரப்பி வளர்த்து, மேலே சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி இல்லாத வெற்று வட்டம் விழும், தண்ணீரில் டீசல் வட்டம் மாதிரி. படத்தில் பெரும்பாலான பொட்டுகளைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி பொட்டின் ஓரம் வரை வந்து ஒட்டிக்கொண்டு நின்றது.

"இது நீங்க குடுத்த மாத்திரை, பேருக்கு ஒரு கோடு மாதிரி வட்டம். ரத்தத்துல அமுக்கி வெச்சுது, கொல்லல," என்றார் டாக்டர். "இது நாங்க போட்டுட்டிருந்த ஊசி. இதுக்கு அதுவும் இல்ல. இப்படி நான் அதிகம் பாத்ததில்ல." பிறகு விரலைத் தள்ளி இரண்டு இடங்களைக் காட்டினார். அங்கே வட்டம் இருந்தது. சுத்தமான வட்டம். "இது டிரிப்ஸ்ல ஏத்தற மருந்து. இது மாத்திரை. இன்னிக்கே ரெண்டையும் ஆரம்பிச்சிடறோம். வீட்டுக்குப் போன பிறகும் மாத்திரைய முடிக்கணும்."

தங்கை அந்த மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் மாறியது.

"மேடம், இது நம்ம டப்பால கீதே."

"இருக்கு. பாதி அட்டை," என்றார் டாக்டர். "அதான் எனக்குப் பயமே."

காய்ச்சல் உடனே இறங்கவில்லை. ஏறியது போலவே, படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து மூச்சு வாங்கி இறங்கியது. ஒரு காலையில் மாப்பிள்ளை கண்ணைத் திறந்து, பக்கத்துக் கட்டில்காரர் தட்டை எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, உனுக்கு மட்டும் இட்லி, எனுக்கு கஞ்சியா?" என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. தங்கை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், சிரிப்புக்கா அழுகைக்கா என்று தெரியாமல்.

டப்பா வீடு திரும்பியது, எடை குறைந்து. பாராசிட்டமாலையும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியையும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். தெரு அதைச் சும்மா விடவில்லை.

"டப்பாவ கவர்மென்ட்டுக்கு எய்தி வெச்சுட்டியாமே?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தா டாக்டரம்மா ஆயிட்டா. இனிமே இவளாண்ட டோக்கன் வாங்கணும்."

எதிர்வீட்டுக்காரர் சில நாள் பேசாமல் இருந்தார். தங்கை குழம்புக் கிண்ணத்தை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கிண்ணம் திரும்பி வந்தது, கழுவி, உள்ளே நாலு வாழைப்பழத்தோடு. ஆனால் சிரிப்பு இல்லாமல். அதையும் அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நான் அங்கே போயிருந்த ஒரு காலைநேரம். மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பழைய சட்டை ஆணியில் மாட்டியது போல உடம்பில் தொங்கியது. குரல் மட்டும் இரண்டாம் மாடி வரை ஏறியிருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மாத்திரை அட்டையில் கடைசி வேளைக்கு இரண்டு மிச்சம்.

எதிர்வீட்டு மருமகள் வாசலில் வந்து நின்றாள். பேச்சுவார்த்தை சரியாக இல்லாத வீடு. செருப்பைக் கழற்றாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, அத்தைக்கு ஜொரம். நேத்துலேர்ந்து ஒடம்பு நெருப்பா கீது. அண்ணனுக்குக் கேட்டுச்சே ஒரு மாத்திரை, அதுல ரெண்டு இருந்தா..."

மாப்பிள்ளை அட்டையைப் பார்த்தார். தன்னையறியாமல் அவர் கை நீண்டது.

"ரெண்டு கீது. எனுக்குத்தான் நல்லாயிடுச்சே. எட்த்துக்கினு போம்மா."

பிழைத்து வந்த மனிதர். இடுப்பெலும்பில் ஊசியின் தழும்பு இன்னும் மறையவில்லை. ஆனாலும் அந்தக் கை அப்படித்தான் நீளும். வாசலில் ஒருவர் நின்றால் நீளுகிற கை. அதைக் குறைசொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

தங்கை அட்டையைப் பிடுங்கினாள். இரண்டையும் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"வாயத் தொற."

"ஏய், பாவம்டி, வாசல்ல நிக்கறா..."

"தெரியுது. நீ வாயத் தொற மொதல்ல."

மாப்பிள்ளை விழுங்கினார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைத் தங்கை பார்த்தாள். வாசலில் நின்றவளின் முகம் சுருங்கிப் போயிருந்தது. கேட்டு இல்லையென்று ஆனதே அந்தச் சந்தில் பழக்கமில்லாத விஷயம். கண்ணெதிரிலேயே விழுங்கக் கொடுத்தது அதைவிட. அவள் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"நில்லுடி," என்றாள் தங்கை. அடுப்பை அணைத்தாள். மாற்றுப் புடவை தேடவில்லை, கட்டியிருந்ததையே உதறிச் சரி செய்தாள். "மாத்திரையா குட்க்க மாட்டேன். நானே வரேன். ஆட்டோ கூப்புடு. சீட்டு வாங்கற எடம், ரத்தம் எடுக்கற எடம், அல்லாம் எனக்குத் தெரியும். அந்த மேடம் கூட தெரியும். அத்தைக்கு வேற எதுவும் குட்த்தியா? மறைக்காத. குட்த்திருந்தா அந்த அட்டையயும் எட்த்துக்கோ."

மருமகள் ஒரு நொடி நின்றாள். பிறகு எதிர்வீட்டுக்குள் ஓடினாள். தங்கை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் போனாள். எதிர்வீட்டுக்காரரின் குரல், அதற்குமேல் தங்கையின் குரல், பிறகு இருவரும் சேர்ந்து யாரையோ எழுப்பி உட்காரவைக்கிற சத்தம்.

நானும் மாப்பிள்ளையும் தனியாக இருந்தோம். அவர் அட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். எல்லாக் குழிகளும் காலி. பின்பக்கத் தகடு எல்லா இடத்திலும் கிழிந்திருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மச்சான்," என்றார், "எங்க வூட்ல ஒரு அட்ட முயுசா காலியாகி இப்பதான் பாக்கறேன்."